மஞ்சள் விரல்கள்

கப்பலூர் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கும் பேச்சியம்மாள், யார் சொல்லையும் லேசில் கேட்கிற ஆளில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிவந்த கணவன் செல்லப்பாண்டிக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்து அரிப்பெடுத்தபோது, டாக்டர் கொடுத்த களிம்பைப் பிடுங்கி ஒளித்துவைத்தாள்.

“ஆத்தா முத்துப் போட்டிருக்கா. இப்ப மருந்து தொட்டா அவளுக்கு ஆகாது.”

வாசலில் வேப்பிலை செருகினாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவன் உடம்பெங்கும் தேய்த்தாள். எரிச்சலில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பைக் காட்டினான். இரண்டே நாளில் தோல் வெடித்துச் சீழ் வைத்தது.

“இது அம்மை இல்ல, கரப்பான்னு தோல் வியாதி. யாரு இதப் பூசுனது?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் அதட்டினார்.

“நான்தான் சார். இவ வேணாம்னுதான் சொன்னா” என்றான் செல்லப்பாண்டி.

ஊரையே எதிர்த்துப் பேசுகிற பேச்சியம்மாள் மஞ்சளேறிய விரல்களை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.