கட்டியில்லாமல் அரைப்பது

நாக்கில் அறுவை சிகிச்சை முடிந்து என் கணவரை வீட்டுக்கு அனுப்பும்போது, இனி எல்லாவற்றையும் கட்டியில்லாமல் அரைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எங்கள் பழைய மிக்ஸி தேங்காயையே திப்பிதிப்பியாகத்தான் அரைக்கும். அதனால் பழவங்காடியில் ஒரு கடைக்குப் போனேன்.

கடைப்பெண் முதலில் ஃபுட் பிராசஸரைக் காட்டினாள். "காய் நறுக்கும், மாவு பிசையும் அக்கா." நறுக்கிய காய் இனி அவருக்கு எதற்கு? பிளெண்டர் ஜூஸுக்குத்தான் சரி, சோறு அதில் சரியாக அரையாது என்று அவளே சொன்னாள்.

"யாருக்கு அக்கா? குழந்தைக்கா?"

"ஆமா" என்றேன். சின்ன ஜார் வைத்த மிக்ஸி ஒன்றை எடுத்துத் தந்தாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சோறு, முள் நீக்கிய மீன், கீரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்தேன். சேறு மாதிரி வந்தது. அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஏதோ சொன்னார். நாக்கு குழறியது. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் புரிந்தது: "தனித்தனியா."

ஜாரைக் கழுவிக் கழுவி, சோற்றைத் தனியாக, மீனைத் தனியாக, கீரையைத் தனியாக அரைத்துத் தட்டில் வைத்தேன். வெகுநேரம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டார். மீனைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் விழுங்கவும் முடியாமல் போய், மூக்கில் குழாய் வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து, வடிகட்டி அதில் ஊற்றுவேன். நான் ஊற்றி முடிக்கும்வரை அவர் கண்ணைத் திறக்க மாட்டார்.