ஒரு சொல்லுக்கு இரண்டு பேர்

1. முதல் நாள்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர், அந்த ஆபீசில் சேர்ந்த அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். வெள்ளைக்காரன், டெல்லிக்காரன், கோபக்காரன், குடிகாரன் என்று எல்லோருக்கும் இங்கிலீஷிலேயே பதில் சொன்னவள். ஓட்டல் கைமாறியது. டெலிபோன் போர்டைக் கழற்றினார்கள், கூடவே என்னையும் கழற்றிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் மர்பி டவுன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஒக்கலிபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே இருந்த இந்த ஆபீசுக்கு வந்தேன்.

வேலை இதுதான். ஸ்கிரீனில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் வரும். அதில் ஒரு சொல் மட்டும் மஞ்சளாக இருக்கும். கீழே அந்தச் சொல்லுக்கு உள்ள அர்த்தங்கள் எல்லாம் நம்பர் போட்டு வரிசையாக நிற்கும். இந்த வாக்கியத்தில் எந்த அர்த்தம் என்று பார்த்து டிக் போட வேண்டும். டேகிங் என்று இதற்குப் பெயர். கம்ப்யூட்டருக்கு மனுஷ பாஷை கற்றுக்கொடுக்கிற ஒரு கம்பெனி எங்களிடம் இதைச் செய்து வாங்கியது.

கஷ்டமான சொற்களாக வரும் என்று நினைத்துப் பையில் டிக்‌ஷனரி கொண்டுபோயிருந்தேன். முதலில் வந்தது ரன். ஓடுவது, வேறென்ன என்று பார்த்தால் லிஸ்ட் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. மூன்று முறை ஸ்க்ரோல் பண்ணியும் அடி தெரியவில்லை. மனுஷன் ஓடுகிறான், பஸ் ஓடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, துணியில் சாயம் போகிறது, கடை நடத்துகிறார்கள், எலெக்‌ஷனில் நிற்கிறார்கள். நிற்பதற்கும் ரன்தானாம். வாயில் நுழையாத பெரிய சொற்களெல்லாம் ஒரே அர்த்தத்தோடு சாதுவாக இருக்கின்றன. செட், டேக், கெட், சார்ஜ் என்று பால் வாங்கப் போகும்போது பேசுகிற சொற்கள்தான் ஆளைக் கொல்கின்றன.

அடுத்து லைன் வந்தது. நான் கே.ஜி.எஃப்.காரி. அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது லைன் வீட்டில், சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். லிஸ்டில் க்யூ இருந்தது, தண்டவாளம் இருந்தது, போன் லைன் இருந்தது, துணி காயப்போடும் கொடி இருந்தது, முகத்துச் சுருக்கம்கூட இருந்தது. எங்கள் வீடு இல்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு இந்த லிஸ்ட் தப்பு என்றேன்.

சூப்பர்வைசர் நாகராஜ் மண்டியாக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரத்தில் கன்னடம் கலந்துவிடும்.

“லிஸ்ட் நாம பண்றது இல்ல பிலோமினா மேடம். இருக்கறதுல ஒண்ண டிக் பண்ணுங்க, சாக்கு,” என்றார்.

சாக்கு என்றால் கன்னடத்தில் போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. மதியம் சாப்பிடும்போது கூட வேலை செய்கிற ஒன்பது பேரிடமும் அந்த லிஸ்டைத் திட்டித் தீர்த்த பிறகுதான் சோறு இறங்கியது.

2. என் ஜோடி

ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒருவர் போட்ட டிக் மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் வாக்கியம் பாஸ். வேறு வேறாக இருந்தால் நாகராஜிடம் போகும், அவர் தீர்ப்பு சொல்வார். நாங்கள் பத்துப் பேர், ஐந்து ஜோடி. எந்த ஜோடி எவ்வளவு ஒத்துப்போனது என்று சனிக்கிழமைதோறும் போர்டில் எழுதுவார். அதற்கு அக்ரிமென்ட் ஸ்கோர் என்று பெயர்.

என் ஜோடி குணசேகரன். வாணியம்பாடிக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். இங்கிலீஷ் இலக்கியம் படித்துவிட்டு மல்லேஸ்வரத்தில் வீடு வீடாகக் கூரியர் கொடுத்துக்கொண்டிருந்தார். பைக் விபத்தில் வலது காலில் பிளேட் வைத்த பிறகு அந்தப் பிழைப்பு முடிந்துபோனது. எங்கள் ஒரு மாடியைக் காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். உட்கார்ந்து செய்கிற வேலை அவருக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். ஆனால் டிக் போடுவதில் என்னோடு ஒத்துப்போகவே மாட்டார். ஒருநாள் ‘ஹி கால்டு ட்வைஸ் ஆன் சண்டே, பட் தேர் வாஸ் நோ ஆன்சர்’ என்று ஒரு வாக்கியம். மஞ்சளில் கால்டு. நான் போன் பண்ணினான் என்று போட்டேன். அவர் நேரில் போனான் என்று போட்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் பிடித்துக்கொண்டேன்.

“போன்தான் குணா. ரெண்டு வாட்டி அடிச்சான், யாரும் எடுக்கல. இதுல இன்னா சந்தேகம் உனக்கு?”

“இல்லக்கா, வூட்டுக்குப் போயிருக்கான். ரெண்டு வாட்டி போய்க் கதவத் தட்டியிருக்கான்.”

“ஞாயித்துக்கெழம எவன்பா கதவத் தட்டுவான்?”

“நான் தட்டியிருக்கேன்க்கா.”

நான் இருபத்திரண்டு வருடம் போன் பக்கத்திலேயே இருந்தவள். அவர் அத்தனை வருடமும் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் நின்றவர். இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. பிடிவாதக்காரன் என்றுதான் தோன்றியது.

3. கைடு

ஆறு சனிக்கிழமை தொடர்ந்து எங்கள் ஜோடிதான் போர்டில் கடைசி. எனக்கு மானம் போனது. இங்கிலீஷில் என்னைக் கடைசியாக யாரும் எழுதியதில்லை.

அப்போது ஒரு யோசனை வந்தது. பத்தாம் வகுப்பை நாங்கள் எல்லோரும் கைடு வைத்துத்தான் பாஸ் பண்ணினோம். கேள்வி இது, பதில் இது, வாதம் கிடையாது. அதுபோல ஒரு நோட்டுப் போட்டால் என்ன? அடிக்கடி சண்டை வருகிற சொற்களை மதியம் பேசி முடிவு பண்ணி எழுதிவைத்துவிட்டால் எல்லோரும் அதையே போடலாம். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டையில் கைடு என்று நானே எழுதினேன்.

பேசி முடிவு பண்ணுவது என்றால் நான் பேசுவேன், மற்றவர்கள் முடிவுக்கு வருவார்கள். பேனாவில் எழுதி நோட்டை குணாவிடம் தள்ளுவேன், அவர் மேஜை டிராயரில்தான் அது இருக்கும். கால் என்றால் போன். ஃபைன் என்றால் நலம். லைன் என்றால் க்யூ. என் வீடே இல்லாத லிஸ்டில் என்ன எழவைப் போட்டால் என்ன என்று அதை நானே எழுதினேன்.

ஏழு வாரத்தில் எல்லா ஜோடிக்கும் ஸ்கோர் தொண்ணூற்றெட்டு சதவீதத்துக்குப் போனது. நாகராஜ் மைசூர்பாக் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

4. மெட்ரோவில்

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சரியான பதில் ஒன்றாக இருப்பதில் அவர்களுக்கு வருத்தமில்லை. ஒரு சொல் எந்த வாக்கியத்தில் வந்தாலும் தப்பான பதில்கூடப் பத்துப் பேருக்கும் ஒன்றாக இருந்ததாம். ஒரே ஆள் பத்துப் பேர் வேலையைச் செய்கிறாரா, அல்லது பத்துப் பேரும் காப்பி அடிக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். மறுநாள் ஒருவர் நேரில் வருவார், காப்பி என்று தெரிந்தால் கான்ட்ராக்ட் ரத்து. எங்கள் ஆபீசுக்கு அந்த ஒரு கான்ட்ராக்ட்தான். ரத்தானால் இழுத்து மூட வேண்டியதுதான்.

நாகராஜுக்கு வியர்த்துவிட்டது. “நோட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க மேடம். கேட்டா, ட்ரெய்னிங்ல எல்லாரும் நல்லா செட் ஆயிட்டோம்னு சொல்லிடலாம்,” என்றார்.

குணா டிராயரைத் திறந்து நோட்டைக் கொடுத்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே, “மூடிட்டா நான் எங்கக்கா போவேன்? என்ன ஒக்கார வெச்சு வேற யாரு சம்பளம் தருவா?” என்றார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. எங்கே தூக்கிப் போடலாம் என்ற யோசனையோடு நோட்டைத் திறந்தேன். எழுதிய பக்கத்தைத் திரும்பப் பார்க்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் அதுவரை கண்ணில் படவில்லை. பக்கத்துக்குப் பக்கம், ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

கால் என்ற இடத்தில்: ‘எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு முறை போனவனுக்குத்தான் அந்தக் கதவு தெரியும். கு.’

‘ஷி செட் ஷி வாஸ் ஃபைன்’ என்ற இடத்தில்: ‘எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்பத்திரியில் என் மனைவி கேட்கும்போதெல்லாம் நானும் இதையேதான் சொன்னேன். நலமாக இல்லை. கு.’

இப்படியே இருநூறு பக்கமும். என்னிடம் வாய் திறக்காத மனுஷன் பென்சிலிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. லைன் என்ற பக்கம் வந்தது.

‘எனக்கு உடன்பாடு இல்லை. லிஸ்டில் பிலோ அக்கா வீட்டைக் காணோம். சேர்க்கச் சொல்ல வேண்டும். கு.’

அல்சூரில் இறங்க வேண்டியவள் பையப்பனஹள்ளியில் இறங்கினேன். வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. நோட்டைத் தூக்கிப் போட்டால் நாங்கள் பத்துப் பேரும் ஒன்றாகிவிடுவோம். காட்டினால் ஒருவராவது சொந்தப் புத்தியோடு இருந்தார் என்று தெரியும். அந்த ஒருவருக்குத்தான் அந்த நாற்காலி ரொம்பத் தேவை. நோட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன்.

5. பென்சில்

மறுநாள் வந்தவர் பெயர் வித்யா. முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும், சென்னைப் பெண். பத்துப் பேரையும் உட்காரவைத்து, எப்படி இவ்வளவு ஒத்துப்போகிறது என்று கேட்டார். நாகராஜ் ட்ரெய்னிங் என்று ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இது என்னுது மேடம். கைடு போட்டதும் நான்தான். எல்லாரும் எனக்கு பயந்துதான் டிக் போட்டாங்க. இவரு மட்டும் டிக் போட்டாலும் ஒத்துக்கல. ஓரத்துல எழுதி வெச்சிருக்காரு, பாருங்க.”

நாகராஜ் ஃபேனைப் பார்த்தார். குணா எழுந்து நின்றார். “அதெல்லாம் சும்மா எழுதினது மேடம். எல்லாரும் சேந்துதான் பண்ணோம், அக்கா மேல மட்டும் தப்பு இல்ல,” என்றார். அவரைக் காப்பாற்றலாம் என்று வாயைத் திறந்தால் அதற்கும் அவர் உடன்படவில்லை.

வித்யா படிக்க ஆரம்பித்தார். டீ ஆறிப்போயிற்று. ஓரிடத்தில் சிரித்தார். ஃபைன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“ஒத்துப்போறதுக்குன்னா எங்களுக்கு ஆளே வேண்டாங்க. மனுஷங்க எங்க பிரியறாங்க, ஏன் பிரியறாங்கன்னு தெரியத்தான் ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு பேர போட்டோம். நீங்க கஷ்டப்பட்டு அதத்தான் அழிச்சிருக்கீங்க. இவரு பென்சில்ல இருக்கறதுதான் நாங்க கேட்டது.”

சும்மா விடவில்லை. ஏழு வாரத்து வேலையை ஆரம்பத்திலிருந்து மறுபடி செய்யச் சொன்னார். எழுத்தில் வார்னிங் கொடுத்தார். சொற்களைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேசக் கூடாது என்றார், அந்த விதியால் அதிகம் கஷ்டப்பட்டவள் நான்தான். போர்டை நாகராஜ் அவர் முன்னாலேயே துடைத்தார். ஆனால் ஆபீஸ் மூடவில்லை. ஒரு மாதத்தில் ஸ்கிரீனில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. ஏன் இந்த டிக் என்று அதில் எழுத வேண்டும், காரணம் எழுதாத டிக் செல்லாது. குணாவை நாகராஜுக்குப் பதிலாகத் தீர்ப்பு சொல்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். நாற்காலியும் கொஞ்சம் பெரிதாகக் கிடைத்தது.

இன்னும் சில மாதம் கழித்து லைன் லிஸ்டின் அடியில் ஒரு புது நம்பரைப் பார்த்தேன். தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடுகள். கே.ஜி.எஃப்.பில் இருக்கும் தம்பிக்குப் போன் பண்ணி, நம் வீடு கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது என்றேன். அதற்கும் வரி கேட்பார்களா என்று கேட்டான்.

6. கடைசி நாள்

போன மாதம் வேலையை விட்டேன். கண் ஒத்துழைக்கவில்லை. இப்போது அந்த வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரர் வேறு டிக் போட்டால், அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அந்தச் சொல்லை அவர் எந்த வாசலில் நின்று கேட்டார் என்று கேளுங்கள். அதைக் கேட்க எனக்கு ஐம்பத்து மூன்று வயது ஆயிற்று.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். பெரிய கார்டு ஒன்று கொடுத்தார்கள். ‘பிலோமினா மேடம் வேண்டிய அளவு உழைத்துவிட்டார், இனி ஓய்வு எடுக்க வேண்டும்’ என்று நாகராஜ் இங்கிலீஷில் அழகாக எழுதியிருந்தார். கீழே எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. குணாவுடையது மட்டும் இல்லை. கொஞ்சம் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு கார்டைத் திரும்பப் பார்த்தேன். நாகராஜ் எழுதிய வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில்: ‘எனக்கு உடன்பாடு இல்லை. கு.’

ஏன் என்று எழுதவில்லை. விதிப்படி அது செல்லாது. ஆனாலும் அன்றைக்கு முதல் தடவையாக நான் அவரோடு ஒத்துப்போனேன்.