பொங்கியும் வேகாத பால்

மஹியாவையில் பரிமளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சோயாப் பால்தான் வரும். பால்மாவுக்குக் கடை கடையாக வரிசை நின்ற அந்தப் பஞ்ச காலத்தில், மாதர் சங்கத்தில் யாரோ செய்து காட்டியதை மற்றப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு வந்தார்கள். பரிமளம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். சோயா அவரையை ஊறப் போட்டு, தோலைக் கசக்கிக் களைந்து, ஆட்டுக்கல்லில் மைய அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து காய்ச்சுவாள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. கொதிக்கும் முன்னமே அது நுரைத்து எழும்பி நம்மை ஏமாற்றிவிடும். நுரையை அடக்கி, பச்சை வாடை போகும்வரை கிண்டிக்கொண்டே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் வயிறு சும்மா விடாது. பரிமளத்துக்கு இதெல்லாம் நன்றாகவே தெரியும். தெரிந்திருந்ததுதான் வினையாகப் போனது.

அவள் கணவன் இராமையாவுக்கு மாநகர சபையில் வேலை. அவனுக்கு ஒரே அக்கா வடிவம்மா, அக்குறணைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். தன் மகளைத் தம்பிக்குக் கொடுக்க அவள் ஆசையாய் இருக்க, தம்பி பரிமளத்தைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். அன்றிலிருந்து அவள் தம்பி வீட்டில் கை நனைத்ததில்லை. விசேஷங்களில் எதிர்ப்பட்டாலும் "அந்தப் பொண்ணு" என்பாளே தவிரப் பேர் சொல்லமாட்டாள். பரிமளத்துக்குத் தாயுமில்லை, கூடப்பிறந்தவர்களுமில்லை. மதினி ஒரு நாள் படியேற மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தாள்.

சபையில் புதுவீடு கிடைத்துப் பால் காய்ச்சிய நாளில் வடிவம்மா வந்தேவிட்டாள். வராமல் போனது பால்தான். மடவளையிலிருந்து அதைக் கொண்டுவரும் பால்காரர் ஹாஷிம் நானா ஏறிய பஸ் வழியில் நின்றுவிட்டதாம். நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது. பிழிந்து வைத்திருந்த சோயாப் பால்தான் கைவசம் இருந்தது. பால் என்றால் பால்தானே என்று இராமையாவே அதை அடுப்பில் ஏற்றினான்.

கண்மூடித் திறப்பதற்குள் நுரை கட்டிப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். வடிவம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொங்கிருச்சு பரிமளம். எறக்கும்மா."

பரிமளம் என்று அவள் வாயால் கேட்க எத்தனை வருஷக் காத்திருப்பு! இன்னும் வேகவில்லை மதினி என்று சொல்ல நாக்கு எழவில்லை. பொங்கிய பாலை மறுபடி கொதிக்கவிட்டால் அபசகுனம் என்று அந்த முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தாள். இறக்கினாள். மற்றவர்கள் பேருக்கு ஒரு மடக்கு குடித்து வைத்தார்கள். வடிவம்மா மட்டும், வாடை முகத்தில் அடித்தும், தம்பி வீட்டுப் பால் என்று சொட்டு விடாமல் குடித்தாள்.

ஊர் திரும்பும் வழியில், கட்டுகஸ்தோட்டை தாண்டும் முன்னே பஸ்ஸுக்குள் அவளுக்கு வாந்தி. ஊரே பார்க்க, பட்டுச்சேலையோடு. பிறகு ஆஸ்பத்திரி.

மறுநாளே பரிமளம் புருஷனோடு அக்குறணைக்கு ஓடினாள். பக்குவம் பிடிபடவில்லை என்று மட்டும் சொல்லு, அக்கா விட்டுவிடுவாள் என்று இராமையா வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னான். ஆனால் பாயில் சுருண்டு கிடந்தவளைப் பார்த்ததும் பரிமளத்துக்குப் பொய் வரவில்லை.

"அது வேகல மதினி. இன்னும் கொதிக்கணும்னு எனக்குத் தெரியும்."

வடிவம்மா அவளையே பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் குடுத்தியா?"

என் பேரைச் சொன்னீங்களே, அதனாலதான் என்ற பதில் தொண்டைவரை வந்து நின்றுவிட்டது. அதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். பேசவேண்டிய நேரமெல்லாம் ஊமையாகிப் போவதுதானே அவளுக்கு வழக்கம். வடிவம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் மஹியாவைக்கு வரவேயில்லை. வருஷங்கள் கழித்து அவள் சாகக் கிடந்தபோது இராமையா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பரிமளம் அடுப்படியில் பாலைக் கிண்டிக்கொண்டு நின்றாள். வாடை எப்போதோ போயிருந்தது, அவள் இறக்கவில்லை. அக்கா தன்னை விசாரித்தாளா என்று கேட்டாள்.

"கேட்டுச்சு," என்றான் இராமையா. "அந்தப் பொண்ணு நல்லா இருக்கான்னு கேட்டுச்சு."