பாதை பிந்திய காலைகள்

கேதீஸ்வரிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது யுத்தம் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஊர் ஆரையம்பதி. பாடசாலையோ மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரையில். மண்முனைத் துறையில் அப்போது பாலம் கிடையாது. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் இரும்பு மிதவை ஒன்றுதான் இருந்தது. அதைப் பாதை என்பார்கள். ஆட்கள் நிறையாமல் பாதை கிளம்பாது. மாரியில் காற்று எழும்பிவிட்டால் நிறைந்தாலும் கிளம்பாது. விடியும்போதே துறைக்கு வந்து நின்றாலும், அவர் வகுப்புக்குள் நுழையும்போது முதற்பாடம் பாதி போயிருக்கும்.

அவருக்குக் கொடுத்தது தரம் நான்கு. இடம்பெயர்ந்து திரிந்ததில் படிப்பு விட்டுப்போன பெரிய பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ரதீஸ் என்ற பையன் அவருடைய தோளளவு உயரம். அவர் போய்ச் சேரும் நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் கவிழ்ந்து கிடக்கும். ஒருநாள் ஒரு சின்னப் பிள்ளையின் நெற்றி மேசை முனையில் பட்டு வெடித்துவிட்டது.

பாடசாலை அதிபர் வினாயகமூர்த்தி அவரை அழைத்தார். "முதல் பாதையைப் பிடிக்க ஏலாதா, பிள்ளை?"

"முதல் பாதையிலதான் சேர் வாறன்."

அதிபர் தலையாட்டிவிட்டுத் தன் வகுப்புக்குத் திரும்பினார். ஆள் பற்றாக்குறையில் அவரே இரண்டு வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேதீஸ்வரி ரதீஸைத் தலைவனாக்கி, குழப்படி செய்பவர்களின் பெயரை வெண்கட்டியால் பலகையில் எழுதச் சொன்னார். அவனுக்கு எழுத்து சரியாகத் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அவன் எழுதுவதற்குப் பதிலாக அடித்தான். அடி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் அவனுக்காகக் காத்து நின்றார்கள். அந்த வாரமே அவர் வெண்கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்று அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் வருமட்டும் சும்மா இருக்க ஏலாதா உங்களுக்கு?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

அதிகம் வாய் திறக்காத கம்சாயினி எழுந்து நின்றாள். "சும்மா இருக்கத்தான் ரீச்சர் ஏலாமக் கிடக்கு. செய்யிறதுக்கு ஒண்டும் இல்லையே."

பிள்ளை எதிர்த்துப் பேசவில்லை, உள்ளதைத்தான் சொன்னது. திரும்பி வரும் பாதையில் அந்தப் பேச்சே அவருடைய மனதில் கிடந்தது.

அடுத்த நாள் பாடசாலை விட்ட பிறகும் அவர் வகுப்பில் நின்றார். ஆளில்லாத ஆசிரியர் கதிரையைப் பார்த்து வரிசையாகக் கிடந்த மேசைகளை இழுத்து, நாலைந்து பேர் முகம் பார்த்து இருக்கும்படி சேர்த்துப் போட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பழைய பால்மாத் தகர ரின். ஒன்றில் கணக்குக்கு மட்டிச் சிப்பி, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் தாளில் எழுதி வெட்டிப்போட்ட சொற்கள். பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'வாவியில் ஒரு முதலை வழி தவறிவிட்டது. மறுகா?' மட்டக்களப்புப் பேச்சில் மறுகா என்றால் பிறகு.

மறுநாள் காலையில் இரண்டு ரின்கள் கொட்டிக் கிடந்தன. ஒன்றைக் காணவே இல்லை. ஆனால் வாங்கு எதுவும் கவிழ்ந்திருக்கவில்லை. சத்தம் இருந்தது. முதலை எந்தப் பக்கம் போவது என்ற சண்டை அது.

"வட்டைக்குள்ள போகப்படாது ரீச்சர், எங்கட அப்பா வயல் காவலுக்கு நிக்கிறார்," என்றான் ஒருவன்.

"முதலை அப்படிப் போகாது. தண்ணி வத்தினாத்தான் ஏறும்," என்றான் ரதீஸ். அவனுடைய தகப்பன் வாவியில் வலை போடுகிறவர். அவன் சொல்லச் சொல்ல கம்சாயினி எழுதினாள். சில மாதங்களில் அவள் எழுதியதை அவனே எழுத்துக்கூட்டி வாசித்தான்.

நாளைய வரியைக் கேதீஸ்வரி பாதையில்தான் யோசிப்பார். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் அலுமினியச் சட்டி கட்டிக்கொண்டு வரும் நிஸ்தாருக்கும் அந்தக் கதை பிடித்துப்போயிற்று. "ரீச்சர், முதலைட கதை இப்ப எங்க நிக்கிது?" என்று ஏறியதும் கேட்பார். "முதலைக்கு ஒரு சட்டி யாவாரியக் காட்டுங்களன்." மறுநாள் பலகையில் சட்டி வியாபாரி வந்தார். பிள்ளைகள் அவரை முதலையின் முதுகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். அதைக் கேட்டு நிஸ்தார் துறை வந்து சேரும்வரை சிரித்தார்.

சில வருடங்களில் பாலம் திறந்தது. ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த திங்கட்கிழமை கேதீஸ்வரி மணி அடிக்க முன்பே வகுப்பில் இருந்தார். அந்த வருடத்துப் பிள்ளைகள் வந்து வணக்கம் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ரின்களை ஒருவரும் தொடவில்லை. பலகையை வாசித்தவர்களும் அவருடைய முகத்தையே பார்த்தார்கள். இரண்டு மூன்று நாட்கள் இப்படியே போயின. பிறகு வதனி என்ற பிள்ளை கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்: "ரீச்சர், நீங்க கொஞ்சம் பிந்தி வாங்களன்."

அடுத்த காலையிலிருந்து அவர் பலகையில் வரியை எழுதிவிட்டு வெளியே வந்து நாவல் மரத்தடியில் நின்றார். அதிபர் பார்த்துவிட்டார்.

"பாலம் போட்டும் பிந்தித்தானா?"

"கொஞ்சம் கேளுங்க சேர்."

உள்ளே யாரோ கணக்கைச் சத்தமாகச் சொன்னார்கள். இன்னொரு குரல் பிழை என்றது. சிப்பிகள் மேசையில் விழும் சத்தம் கேட்டது. அதிபரும் மரத்தடியில் சற்று நேரம் நின்றார். "இதை மேலிடத்துக்கு எப்படி எழுதிறதெண்டுதான் தெரியல்ல," என்று சொல்லிக்கொண்டு தன் வகுப்புக்குப் போனார்.

இப்போது கேதீஸ்வரி சொந்த ஊரிலேயே படிப்பிக்கிறார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். வகுப்பில் மின்விசிறி இருக்கிறது, சுவரில் திரை இருக்கிறது, மேசைகளும் கூட்டமாகத்தான் கிடக்கின்றன. முதல் வருடம் அவர் விறாந்தையில் நின்றதைக் கண்ட ஒரு தகப்பன், ரீச்சர் படிப்பிக்காமல் வெளியே நிற்கிறார் என்று முறைப்பாடு கொடுத்தார். விளக்கிச் சொன்னதும் அவர் ஏற்றுக்கொண்டார். இங்குள்ள பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கொடுத்த வேலையைச் சட்டென்று முடித்துவிடுவார்கள். முடித்ததும் வாசலைப் பார்ப்பார்கள்.

"அங்க நான் உள்ள வந்தாலும் அதுகள் நிமிர்ந்து பாக்காதுகள்," என்று தன்னுடன் படிப்பிக்கும் மேர்சியிடம் ஒருநாள் சொன்னார். "முதல் நாள் எனக்குக் கவலையாத்தான் இருந்தது. மற்ற நாள் தொட்டு அதுகள் அப்பிடி நிமிராம இருக்கிறதைப் பாக்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனன்."