ஒரு கையால் மூட்டிய கரியடுப்பு

என் சித்தி வீட்டில் சமையல், வெந்நீர், குளிருக்குக் கதகதப்பு எல்லாமே ஒரே இரும்பு அடுப்பிலிருந்துதான் வரவேண்டும். அதற்கு நிலக்கரி. அந்த அடுப்புக்குச் சேவகம் செய்ய ஒரு பட்டாளமே சுவரில் தொங்கியது: இடுக்கி, கிளறும் கம்பி, கரி அள்ளும் கரண்டி, சாம்பல் சலிக்கும் சல்லடை, கட்டி உடைக்கும் சுத்தியல். எல்லாம் இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்தவை. பக்கவாதம் வந்த பிறகு சித்திக்கு இடது கை மட்டும்தான் மிச்சம்.

சித்தப்பா ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. "எங்க வீட்டுக்கே வந்துடு" என்று சித்தியின் அண்ணன், என் பெரிய மாமா, ஒற்றைக் காலில் நின்றார். சித்தி மசியவில்லை. கொல்லரைக் கூப்பிட்டு இடுக்கிக்கு நடுவே சுருள்கம்பி வைக்கச் சொன்னாள். அழுத்தினால் பிடிக்கும், விட்டால் தானே விரியும். தீப்பெட்டியைச் சுவரில் அறைந்த தகர உறைக்குள் செருகினாள். கரிக்கட்டியைச் சாக்குக்குள் போட்டு, சாக்கின் வாயை மிதித்துக்கொண்டு சுத்தியலால் போடுவாள். யாரை நினைத்துக்கொண்டு இந்தப் போடு என்று கேட்டால், "உன் மாமனத்தான்" என்பாள்.

ஒரு நாள் தணல் தவறி விழுந்து தரைவிரிப்பு கருகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? சேதி மாமா காதுக்குப் போய், மறுநாளே வண்டியோடு வந்து இறங்கினார். மூட்டை கட்ட என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"வீடே பத்திக்கிட்டா என்ன பண்ணுவ?"

"நாளைக்குக் காலைல நானே அடுப்ப மூட்டறேன். யாரும் கிட்ட வரக்கூடாது. முடியலேன்னா பேசாம வண்டில ஏறிடறேன்" என்றாள் சித்தி.

மாமா உடனே ஒப்புக்கொண்டார். அப்போதே ஜெயித்துவிட்ட மாதிரி அவர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

காலையில் சித்தி பழைய சாம்பலை வாரி முறத்தில் கொட்டினாள். அடுப்பில் காகிதம், மேலே விறகுச் சிராய், அதன்மேல் கரி. காகிதம் எரிந்தது. சிராயும் எரிந்தது. கரி மட்டும் உஸ்ஸென்று புகைந்து அணைந்தது. மூவரும் இருமித் தீர்த்தோம்.

மாமாவின் கை இடுக்கிக்கு நீண்டது.

"கைய எடுண்ணா." சித்தி கரி வாளியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுல யாரு தண்ணி ஊத்துனது?"

மாமா கூரையைப் பார்த்தார். "நேத்து நான்தான் வாளிய ரொப்பி வெச்சேன். தூசி பறக்குமேன்னு லேசா தெளிச்சேன்."

மாமாவின் 'லேசா' எங்கள் குடும்பத்தில் பிரசித்தம். லேசாகத் தண்ணீர் விட்டே ஒரு தோட்டத்தை அழுகவைத்தவர். உதவி செய்கிறேன் பேர்வழி என்று கரியைக் குளிப்பாட்டியிருந்தார்.

"சரி, இது என் தப்பு. இத விட்டுடு. வேற கரி கொண்டு வரேன்."

"மழை பேஞ்சாலும் கரி நனையத்தான் செய்யும். அப்பல்லாம் உன்னயா கூப்பிட முடியும்?"

எல்லாவற்றையும் கலைத்தாள். சல்லடையை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு முறத்துச் சாம்பலைக் கொட்டி, உடம்போடு சேர்த்து உலுக்கினாள். பாதி எரிந்த கரித்துண்டுகள் மேலே தங்கின. ஒருமுறை எரிந்தது சட்டென்று பிடிக்கும். அவற்றைப் புதுக் காகிதம், சிராய்மேல் அடுக்கி, ஈரக்கரியை அடுப்பைச் சுற்றிக் காய வைத்தாள். தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது. எழுந்து ஓடிப்போய் உரசிக் கொடுக்க என் கை பரபரத்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு நகரவில்லை. அடுத்த குச்சி பற்றியது. சித்தி தரையோடு படுத்து, கன்னம் நிலத்தில் பட ஊதினாள். துண்டுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

எழுந்திருக்க அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. மாமா கை கொடுக்கப் போய், தானே நிறுத்திக்கொண்டார். சுவரைப் பிடித்து எழுந்தாள். முகமெல்லாம் கரி.

"வண்டிய அனுப்பிடட்டுமா?" என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது.

"அனுப்பிடு. இனிமே என்னயக் கூட்டிட்டுப் போக வராதண்ணா. சாப்பிட வா."

மாமா வண்டிக்காரனை அனுப்பிவிட்டு வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். எனக்கு அழுகை முட்டியது. புகைமேல் பழி போடலாம் என்றால், அறையில் அப்போது புகையே இல்லை.