பொடி எந்த நாட்டுது

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை வைத்திருக்கிறேன். மின்கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்தான் எங்கள் சரக்கு. சீனச் சரக்கு மலிவாக வந்து குவிந்த பிறகு, சூளையை வாரத்துக்கு ஒருமுறை மூட்டினாலே பெரிய விஷயம் என்று ஆகியிருந்தது. அப்போதுதான் சென்னையிலிருந்து ஏற்றுமதி நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார்.

"அமெரிக்காவுல சைனா சரக்கைக் குறைக்கணும்னு பாக்குறாங்க சார். உங்களால செஞ்சு தர முடியுமா?"

யாரோ இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டதில் எனக்கு வேலை கிடைக்கிறது என்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன். மாதிரி அனுப்பினோம், பிடித்துவிட்டது. கம்மாபுரம் பக்கத்திலிருந்து நான்கு பெண்களைப் புதிதாக வேலைக்குச் சேர்த்தேன்.

பிறகு ஒரு படிவம் வந்தது. களிமண் முதல் கடைசிப் பூச்சு வரை ஒவ்வொரு பொருளும் எந்த நாட்டில் பிறந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். களிமண்ணுக்குக் கவலையில்லை. பூச்சுக்குப் பழுப்பு நிறம் தரும் பொடிக்கு வந்ததும் பேனா நின்றது. அதை எனக்கு விற்கும் சென்னை வியாபாரிக்குப் போன் போட்டேன்.

"சைனாதான் சார். நம்ம பையில மாத்திக் கட்டித் தர்றோம், அவ்வளவுதான்" என்றார்.

ஏற்றுமதி ஆளிடம் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. "இந்தியான்னு போட்டுடுங்க சார். பொடியை யாரு வந்து பாக்கப் போறாங்க?"

மூன்று நாள் அந்தத் தாள் மேசையிலேயே கிடந்தது. பொய் எழுதக்கூடாது என்ற வைராக்கியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பாதி பயம்தான். மீதிப் பாதிக்கு இன்றும் எனக்குச் சரியான பெயர் தெரியவில்லை.

பூச்சுப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருபவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஆர்டர் போயிடுச்சுங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கலரு அவங்களுக்கு எதுக்கு சார்? வெள்ளையா இருந்தா கரண்டைத் தாங்காதா?"

தாங்கும். வெள்ளைப் பூச்சுக்கு வேண்டிய எல்லாமே நம் நாட்டிலேயே கிடைக்கிறது. இத்தனை வருஷம் பழுப்பையே பார்த்துப் பழகிய எனக்கு அது தோன்றவில்லை. உண்மையை எழுதி, வெள்ளையில் தரலாமா என்று கேட்டு அனுப்பினேன். ஏற்றுமதி ஆளுக்கு என்மேல் வருத்தம். பல நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டடத்துக்குள் பொருத்தும் சின்ன வகைக்கு வெள்ளை போதும், வெளியில் நிற்கும் பெரிய வகை வெள்ளையில் வேண்டாம். ஆர்டர் பாதியாகச் சுருங்கியது. பரவாயில்லை என்று சூளையை மூட்டினோம்.

பெட்டி கட்டி முடித்த வாரத்தில், நம் நாட்டுச் சரக்குக்கும் அமெரிக்கா வரியை உயர்த்திவிட்டது. "இப்போதைக்கு அனுப்ப வேணாம்" என்று போன் வந்தது.

அவர்கள் தேடியது சீனா அல்லாத இடத்தை. அதில் எங்கள் ஊர் மாட்டியது தற்செயல். வரைபடத்தில் எங்களை யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. இது புரிந்தபோது கோபப்படக்கூட ஆள் இல்லாமல் போனது.

புதிதாக வந்த நான்கு பேரிடமும் இனி வேலை இல்லை என்று நானே போய்ச் சொன்னேன். அவர்களில் ஒருத்தி, "சண்டை அவங்களுக்குள்ள தானுங்களே, நாங்க என்ன பண்ணோம்?" என்று மெதுவாகக் கேட்டாள். இரண்டு பேர் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார்கள்.

வெள்ளைச் சரக்கை எடுத்துக்கொண்டு பண்ருட்டி, கடலூர் என்று மின்சாதனக் கடைகளில் ஏறி இறங்கினேன். மெல்ல மெல்ல எல்லாம் விற்றது. சில மாதம் கழித்து வரி இறங்கியது என்று ஏற்றுமதி ஆள் மறுபடி அழைத்தார். செய்து தருகிறேன் என்றேன். ஆனால் உள்ளூர்க் கடைகளுக்குப் போக மிஞ்சுவதை மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். அவர், "சரிங்க சார், அதையாவது குடுங்க" என்றார். வேறு வேலை கிடைக்காமல் இருந்த மற்ற இரண்டு பெண்களையும் மறுநாளே வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.