உப்பு ஐஸில் உறைந்த பீர்

எங்கள் முதல் பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு நான் காய்ச்சிய பீரைத்தான் ஊற்றுவேன் என்று மாமனாரிடம் சவால் விட்டேன். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. அதற்கு முந்தைய ஈஸ்டருக்கு நான் கொண்டுபோன பீரில் பொட்டு நுரை இல்லை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை வாழையடியில் கொட்டினார்.

"பார்லித் தண்ணிய ஆஸ்பத்திரில கொண்டு குடும்வே," என்றார்.

தூத்துக்குடிப் பக்கமிருந்து அந்தமானுக்கு வந்து, வண்டூர்க் கடற்கரையில் மீன்பிடித்துப் பிழைத்த மனிதர். நான் திருச்சிக்காரன், போர்ட் பிளேயரில் கப்பல் பட்டறை ஃபிட்டர். நீச்சல் தெரியாதவனுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு ஆறவே இல்லை. என் கையால் செய்த ஒன்றை அவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மெச்ச வேண்டும். அந்த வெறி எனக்கு இருந்தது.

பீரைப் புட்டியில் அடைத்து நுரைக்க விட்டால் இந்தப் புழுக்கத்தில் புட்டி வெடிக்கிறது. அதனால் கப்பலில் கழித்துப்போட்ட எஃகு பீப்பாய் ஒன்றைத் தேய்த்துக் கழுவி வால்வு பொருத்தினேன். சோடாக் கடையிலிருந்து கேஸ் சிலிண்டர் வாங்கினேன். சோடாவுக்கு ஏற்றுவதுபோல் பீருக்கும் கேஸை அழுத்தி ஏற்றிவிடலாம் என்பது என் கணக்கு. ஏறவில்லை. திறந்தால் உஸ்ஸென்று சீறிவிட்டு உள்ளே அதே பார்லித் தண்ணீர். சூடான பீர் கேஸைப் பிடித்துவைக்காது.

"எங்க அப்பாட்ட ஐஸ் பெட்டி இருக்குல்லா? விருந்துக்கு முந்துன நாளே கொண்டு வைங்க," என்றாள் மனைவி.

அவரிடமே போய் நிற்பதா என்று பொருமினேன். வேறு வழியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பீப்பாயையும் சிலிண்டரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். மாமனார் சிரித்துக்கொண்டே பீப்பாயைத் தன் மீன் பெட்டியில் இறக்கி, தானே ஐஸை உடைத்துப்போட்டு மூடினார்.

மறுநாள் விடிந்ததும் பீப்பாயின் குழாயைத் திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை. பீப்பாயை அசைத்தால் உள்ளே கறக் கறக்கென்றது. ஒரு துண்டு ஐஸை எடுத்து நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது.

"மாமா, ஐஸ்ல உப்பு போட்டீங்களா?"

"மீனுக்குப் போடாமலா இருப்பாவ? உப்பு போட்டாத்தான ஐஸுக்குக் குளிர் கூடும்?"

கூடும்தான். பீரையும் சேர்த்துப் பாதி உறையவைக்கிற அளவுக்குக் கூடும். எனக்கு வந்த கோபத்துக்கு ஏதாவது சொல்லியிருந்தால் குடும்பமே பிரிந்திருக்கும். உறைந்ததை இளக்கப் பீப்பாயை உருட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நீச்சல் தெரியாத நான் இடுப்பளவு ஆழத்தில் நின்று பீப்பாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்த்துச் சகிக்காமல் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அலை பீப்பாயைப் புரட்டியது, நாங்கள் பிடித்தோம், மறுபடி புரட்டியது. உள்ளே கறகறப்பு குறைந்து தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. பீப்பாய் மட்டும் இன்னும் கையைக் கடிக்கும் குளிர்ச்சி. சட்டென்று எனக்குப் பொறி தட்டியது. கரைக்கு இழுத்துவந்து சிலிண்டரை மாட்டினேன். பீப்பாய் கேஸை உஸ்ஸென்று உறிஞ்சியது. மூடி, அலையில் புரட்டி, மறுபடி மாட்டினேன். மறுபடி உறிஞ்சியது. குளிர்ந்த பீரைக் குலுக்கக் குலுக்கக் கேஸ் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் சிலிண்டரைத் திறந்தும் சத்தமே வரவில்லை. பீப்பாயின் வயிறு நிரம்பிவிட்டது! நான் மணலில் குதித்தேன். மாமனார் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பீப்பாயை உப்பில்லாத ஐஸில் கிடத்திவிட்டு சர்ச்சுக்கு ஓடினோம். ஞானஸ்நானத்தின்போது சாமியார் என் ஈரத் தலையை இரண்டு தரம் பார்த்தார்.

விருந்தில் முதல் கிளாஸை மாமனாருக்கு ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழும்பி நின்றது. அவர் குடித்தார். நிறுத்தாமல், அடிவரை குடித்தார். மீசையெல்லாம் நுரை. முகத்தை என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்காள விவசாயியின் தோளைத் தட்டி, பந்தல் முழுக்கக் கேட்கும்படி இந்தியில் கத்தினார்:

"தேக்கோ தாதா! யே ஹமாரா தாமாத் பனாயா!"

பாரும் அண்ணே, இது என் மருமகன் செய்தது! முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல அவருக்கு இந்த ஜென்மத்தில் வாய் வராது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வங்காள அண்ணனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினேன். மாமனார் இன்னொரு தடவை அதையே சொல்லட்டும் என்று, அவருடைய கிளாஸையும் நிரப்பினேன். சொன்னார்.